ஸ்டோரில் காய்ந்த நான்கு கண்ணாடிகள்

செத்த கலத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து உட்கார்ந்தவள் நான். செல் என்று இப்போது எல்லாரும் சொல்வதை நாங்கள் பள்ளியில் கலம் என்று படித்தோம். அதுவே நாக்கில் நின்றுவிட்டது.

போன மாதம், என் பழைய நாற்காலியில் இப்போது உட்காருகிற பெண் என்னைத் தேடி ஹட்டனுக்கு வந்தாள். கையில் ஒரு கட்டுரை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயின் கலங்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்து, விட்டமின் ஏ வகை மருந்தை ஊற்றினால், அவை தாமாகவே செத்துப்போகின்றனவாம்.

"மிஸ், ஒங்க காலத்துலயே தோட்டத்துப் பொம்பளைகளுக்கு இதைக் குடுத்துப் பார்த்தீங்களாமே? வேலை செஞ்சுச்சா?" என்று கேட்டாள்.

தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்று பேச்சை மாற்றிவிட்டேன். அவளும் விடாக்கண்டி, வாசலில் நின்று இன்னொரு தரம் கேட்டாள். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் அப்பா தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால் எனக்கு அரசாங்க வேலைக்கு வழி இருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது இல்லை. கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடம், கொழும்பில் பயிற்சி, கலங்களைப் பார்த்து நோய் சொல்வதற்குத் தனியாக ஆறு மாதம் என்று எழுபதுகள் ஓடின. பிறகு மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் என்னைப் போட்டார்கள். சொந்தக்காரர்கள் என்னை 'மூத்திரம் பாக்குற மிஸ்' என்றார்கள். அதில் ஓரளவு உண்மையும் இருந்தபடியால் சண்டைக்குப் போகவில்லை.

வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. கருப்பையின் வாயை ஒரு மரக்குச்சியால் மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவ வேண்டும். தடவிய ஈரம் மாறும் முன்னே அதை ஸ்பிரிட்டில் போட்டுவிட வேண்டும். மூச்சு விடுகிற நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது. ஸ்பிரிட்டுக்குள் போன கலம் அந்த நிமிஷத்தில் எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும். அதன்பின் சாயம். கலத்தின் நடுவில் இருக்கிற கருவுக்கு நீலம், அதைச் சுற்றிய உடம்புக்குச் செம்மஞ்சளும் பச்சையும். எங்கள் மலைத்தண்ணீர் மிக மென்மையானது, கொழும்பில் பிடிப்பதுபோல் நீலம் இங்கே பிடிக்காது. கழுவும் தண்ணீரில் ஒரு சிட்டிகை சோடா போட்டால் பிடிக்கும் என்று நானாகவே கண்டுபிடித்தேன். என் கண்ணாடித் தகடுகளின் நிறத்தைக் கண்டியிலிருந்து வந்தவர்கள்கூட மெச்சியிருக்கிறார்கள். அந்தத் தலைக்கனம் எனக்கு இருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு டாக்டர் அருளம்பலம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், பெண்கள் நோய் நிபுணர், வெளிநாட்டில் படித்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மற்ற டாக்டர்கள் அறிக்கைக்கு ஆள் அனுப்புவார்கள், இவர் தாமே வந்து என் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்காருவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியால் துடைப்பார். பிறகு, "நான் பாக்க முந்தி நீர் சொல்லும் பிள்ளை" என்பார். நான் சொல்லி முடிக்கும்வரை நுண்ணோக்கியைத் தொட மாட்டார். அந்த மரியாதைக்காகவே அவருக்கு ஓடியோடி வேலை செய்தேன்.

கொழுந்து பறிக்கிற பெண்கள் இந்த நோயோடு எங்களிடம் வரும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். கண்டி ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புற்றாக மாறுவதற்கு முந்திய கட்டத்திலேயே பிடித்து, ஒரு களிம்பால் குணப்படுத்த முடிந்தால் எவ்வளவு உயிர் மிஞ்சும் என்பது டாக்டரின் கனவு. விட்டமின் ஏயிலிருந்து எடுத்த அமிலக் களிம்பு. அதைச் சின்ன மூடி ஒன்றில் வைத்துக் கருப்பை வாயில் நாலு நாள் பொருத்துவார். கட்டிலுக்குக் காத்திருக்கிற பத்துப் பன்னிரண்டு பெண்களிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதித்தவர்களுக்கு மட்டும் வைத்தார்.

"நல்ல கலத்துக்குத் தன்ர சாவு நேரம் தெரியும் பிள்ளை. வளந்து, பழுத்து, உதிர்ந்து போகும். இந்தக் கெட்டதுகளுக்கு அது மறந்து போச்சு. இந்த மருந்து அதை ஞாபகப்படுத்தும் எண்டு நம்புறம்" என்றார்.

அந்தப் பெண்களில் ஒருத்தி பொன்னுத்தாயி. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிப்பவள், நாலு பிள்ளைகளுக்குத் தாய், நாற்பதுகூட ஆகவில்லை. முதல் கண்ணாடியிலேயே கடுமையான மாற்றம் இருந்தது. புற்று ஆவதற்கு ஒரு படிதான் பாக்கி. அவளுக்குக் கண்டியில் கட்டிலும் எழுதியாகிவிட்டது.

அவளுக்கு இன்னொரு நாளும் குறித்திருந்தார்கள். பிரஜாவுரிமை இல்லாதவர்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி குடும்பத்துக்குப் பாஸ்போர்ட் வந்திருந்தது. அந்த வருஷங்களில் எங்கள் தோட்டங்களில் வாரத்துக்கு ஒரு குடும்பமாவது ரயிலேறித் தலைமன்னார் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் புருஷன் மாடசாமி, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், தன் அண்ணன் குடும்பம் ஏற்கெனவே போய்விட்டதால் தானும் போக ஒற்றைக்காலில் நின்றார். கப்பல் நாளுக்கு முன் உடம்பு சரியாகிவிட்டதென்று டாக்டர் சொன்னால் போகலாம். இல்லாவிட்டால் ஆபரேஷனுக்காக நிற்க வேண்டும், நின்றால் முறை தவறிப்போகும்.

களிம்பு வைத்து ஆறு மாதம் கழித்து மறுபடி சுரண்டிப் பார்க்க வேண்டிய வாரத்தில் மழை கொட்டியது. மண் சரிந்து பஸ் ஓடவில்லை. அந்தத் தோட்டத்தில் களிம்பு வைத்தவர்கள் நாலு பேர். தோட்டத்து மருத்துவிச்சி ராசம்மா அக்கா பிள்ளைப்பேறு பார்க்கப் பயிற்சி பெற்றவர் என்பதால், அவரையே எடுத்து அனுப்பும்படி டாக்டர் தகவல் சொன்னார். நாலாம் நாள் ஸ்பிரிட் போத்தலில் நாலு கண்ணாடிகள் வந்து சேர்ந்தன.

பொன்னுத்தாயியின் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். முன்பு கரிய கருக்களோடு முறைத்துக்கொண்டிருந்த கலங்களைக் காணோம். கருக்கள் மங்கி, ஓரம் கரைந்து, உடம்பெல்லாம் செம்மஞ்சளாகக் கிடந்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. டாக்டர் வந்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், சொல்லும் என்றார்.

"சாகுது டாக்டர். கெட்டது எல்லாம் சாகுது" என்றேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். மற்ற மூன்றும் அதே மாதிரித்தான் இருந்தன. "வேலை செய்யுது பிள்ளை" என்றார். அன்று ஆய்வுகூடத்துக்கே கடையிலிருந்து வடை வாங்கிக் கொடுத்தார். நான் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கண்டிக் கட்டிலை வேறொருத்திக்குக் கொடுக்கச் சொல்லி அவர் கடிதம் எழுதினார். பொன்னுத்தாயிக்குக் கப்பலேறலாம் என்று தகவல் போனது. கப்பல் நாளுக்கு அப்போது இன்னும் மூன்று வாரம் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, டாக்டர் கேட்டபடி அந்த நாலு கண்ணாடிகளையும் வரைந்து வைக்க உட்கார்ந்தேன். வரையும்போதுதான் கண் ஒழுங்காக வேலை செய்யும். பார்க்கும்போது தாண்டிப்போவதைக் கை தாண்டாது. பொன்னுத்தாயியின் கண்ணாடி ஓரத்தில் நீளமான, வளைந்த, பளபளக்கிற மயிர் ஒன்று கிடந்தது. முதல் நாளும் அதைப் பார்த்திருந்தேன், பஞ்சு என்று ஒதுக்கியிருந்தேன். இரண்டாவது கண்ணாடியிலும் அது இருந்தது. மூன்றாவதிலும் நாலாவதிலும் இருந்தது. பஞ்சு முறுக்கிக்கொண்டு கிடக்கும். இது முறுக்கவில்லை, நுனி கூராக இருந்தது.

எழுந்துபோய் எங்கள் தேயிலை டின்னைக் கவிழ்த்து, அடியில் இருந்த தூசியில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். அதே மயிர். கொழுந்தின் மொட்டில் பட்டுப்போல இருக்கிற ரோமம் அது. தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்போம். தூளை அரித்துச் சலிக்கிற நேரத்தில் அங்கே இந்த ரோமம் புகையாகப் பறக்கும். சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய் நான் தும்மாத நாளில்லை.

மறுபடி கலங்களைப் பார்த்தேன். இந்தத் தடவை கெட்ட கலங்களை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த நல்ல கலங்களைப் பார்த்தேன். அவையும் மங்கியிருந்தன. வெள்ளை இரத்தக் கலங்களும் அப்படியே. மருந்து நல்லதை விட்டுக் கெட்டதைக் கொல்லும் என்றுதானே பேச்சு? தன் நேரத்தில் சாகிற கலம் தனியாகச் சாகும். கரு சுருங்கி, கறுத்து, துண்டு துண்டாகும், பக்கத்துக் கலம் தன் பாட்டுக்கு இருக்கும். ஒரு லயத்தில் எல்லா வீட்டிலும் ஒரே நாளில் சாவு விழுந்தால் அது சாவு அல்ல, வேறு ஏதோ. ஸ்பிரிட்டுக்குள் போகுமுன் காய்ந்த கண்ணாடி இப்படித்தான் இருக்கும் என்று கொழும்பில் முதல் வாரத்திலேயே சொல்லித் தந்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் பாதி தூரம் பஸ்ஸிலும் மீதி நடந்தும் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். ராசம்மா அக்கா தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளை எடை பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதும் கொஞ்சமும் ஒளிக்கவில்லை.

"ஸ்பிரிட்டு முடிஞ்சு போச்சு தங்கச்சி. லொறி வர ரெண்டு நாளாகும்னாங்க. இந்த மழைக்கு ஈரமா வச்சா பூசணம் புடிக்குமேன்னு ஸ்டோருக்குக் கொண்டுபோயி டிரையர் பக்கத்துல காய வச்சேன். ரத்தம் எடுக்குற கண்ணாடியக் காய வச்சுத்தானே அனுப்புறோம்? ஸ்பிரிட்டு வந்ததும் போத்தல்ல போட்டுட்டேன். ஏன், சரியா காயலியா?"

அவரைக் கோபிக்க முடியவில்லை. மழைக்காலத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகம் முதல் கம்பளி வரை ஸ்டோரில்தான் காயும். இரத்தக் கண்ணாடியைக் காய வைப்பதும் உண்மைதான். நல்லது செய்வதாக நினைத்து மனுஷி மழையில் ஸ்டோருக்கும் லயத்துக்கும் நடந்திருக்கிறார்.

டாக்டரிடம் சொன்னபோது நான் அழுதுவிட்டேன். அவர் அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"எனக்கு நல்ல சேதி வேணுமெண்டு இருந்தது. உமக்கு?"

"எனக்கும்தான் டாக்டர்."

"அப்ப ரெண்டு பேருமாத்தான் குருடாகி இருக்கிறம். எழும்பும், ஸ்பிரிட் போத்தலை எடும்."

அன்றைக்கே ஆஸ்பத்திரி ஜீப்பில் போனோம். கண்ணாடிகள் பழுதாகிவிட்டன, மறுபடி எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, தோட்டத்து டிஸ்பென்சரியில் டாக்டரே நாலு பேரிடமும் எடுத்தார். போத்தலை நான் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இரவே சாயம் ஏற்றினேன். மூன்று பேருக்கு மாற்றம் குறைந்து லேசாகத்தான் இருந்தது, ஆறப்போட்டுப் பார்க்கலாம். பொன்னுத்தாயியின் கெட்ட கலங்கள் ஒன்றுகூடச் சாகவில்லை. முன்னைவிடக் கொழுத்து, கரியதாக, கூட்டங்கூட்டமாக நின்றன.

மறுநாள் அவள் லயத்துக்குப் போனோம். அலுமாரியை விற்றுவிட்டிருந்தார்கள், சுவரில் அதன் தடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. பெட்டிகளில் கயிறு கட்டியாகிவிட்டது. டாக்டர் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். ராசம்மா அக்கா கதவோரம் நின்றார்.

மாடசாமி எழுந்து நின்றுவிட்டார். "போகலாம்னு சொன்னதும் நீங்கதான். இப்ப போகாதன்னு சொல்றதும் நீங்கதான். எங்கள என்னான்னு நெனச்சீங்க? இது யாரு செஞ்ச தப்பு?"

நான் தரையைப் பார்த்தேன். காய்ந்த கண்ணாடியைப் பார்த்ததும் கண்டுபிடிக்க வேண்டியது என் வேலை. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். கண்டுபிடிக்காமல் கையெழுத்துப் போட்டவள் நான். வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை.

"நான்தாண்ணே. ஸ்டோர்ல காய வச்சது நான்தான்" என்றார் ராசம்மா அக்கா.

டாக்டர் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் அப்போதும் பேசவில்லை. "இல்லை, அவவை எடுக்கச் சொன்னது நான், பொறுப்பு என்ரை" என்றார் அவர். ஆனால் மாடசாமியின் கண் மருத்துவிச்சியை விட்டு அகலவில்லை.

"அங்கயும் ஆஸ்பத்திரி இருக்குல்ல?" என்று மாடசாமி கேட்டார்.

"இருக்கு. ஆனா நீங்கள் போய் இறங்கி, முகாமில இருந்து, ஆரைப் பிடிச்சு எப்ப காட்டப் போறியள்? எனக்குப் பயமா இருக்கு" என்றார் டாக்டர்.

அதுவரை அடுப்படியில் நின்ற பொன்னுத்தாயி முன்னால் வந்தாள். "நான் ஆபரேஷன முடிச்சுக்கிட்டு வர்றேங்க. நீங்க வேணும்னா புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு முன்னாடி போங்க. பொழைச்சா பின்னாடி வர்றேன்."

மாடசாமி போகவில்லை. அவளை விட்டுவிட்டுப் போகிற ஆள் அவரில்லை. கப்பல் நாளை மாற்றித் தரும்படி கேட்கத் தாள்களோடு கண்டிக்குப் போய் வந்தார். விட்டுக்கொடுத்த கட்டிலைத் திரும்பப் பெற டாக்டர் தாமே கண்டிக்குப் போய், இரண்டு வாரத்தில் அவளைச் சேர்த்தார். கருப்பையை எடுத்தார்கள். ஓர் இடத்தில் புற்று எல்லையைத் தாண்டத் தொடங்கியிருந்தது என்று அறிக்கை வந்தது, ஆனால் வெட்டிய விளிம்புகள் சுத்தமாக இருந்தன. இன்னும் சில மாதம் போயிருந்தால் வெட்டியும் பயன் இருந்திராது என்றார் டாக்டர்.

அவள் தேறி எழும்புவதற்குள் அவர்களின் முறை தவறியது. அடுத்த முறை வருமுன் உள்நாட்டுச் சண்டையால் கப்பலே நின்றுபோனது. கயிறு கட்டிய பெட்டிகள் திரும்பவும் அவிழ்ந்தன. களிம்பையும் டாக்டர் அதோடு நிறுத்திவிட்டார்.

ஆக, கேட்ட பிள்ளைக்கு என் பதில் இதுதான். கிண்ணத்தில் அந்த மருந்து கலத்தைக் கொல்லும் என்பதை நம்புகிறேன், நீ காட்டிய படங்களில் சாவு ஒழுங்கான சாவாகத்தான் இருக்கிறது. எங்கள் பெண்களிடம் வேலை செய்ததா என்றால், பொன்னுத்தாயிக்குச் செய்யவில்லை. மற்றவர்களுக்கு மாற்றம் குறைந்தது மருந்தாலா, தானாகவா என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அத்தனை கொஞ்சம் பேரை வைத்துச் சொல்லவும் கூடாது.

இதை எழுதி முடித்துப் படித்தபோது, கையெழுத்துப் போட்டவள் நான் என்ற வரி தாளில் இருந்தது. அதை முதலில் கேட்க வேண்டியவள் வேறொருத்தி என்று தோன்றியது. போன சனிக்கிழமை நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸைப் பிடித்தேன். மாடசாமி இறந்து சில வருஷமாகிறது. பொன்னுத்தாயி மகன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கறிக்கு லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுபதைத் தொட்ட உடம்பு, ஆனால் கத்தி பிடித்த கை நடுங்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் நறுக்குவதை நிறுத்தினாள். "என்னை நீங்க ரெண்டாந்தரம் பார்த்தீங்கல்ல மிஸ். அதுல எனக்கு ஒண்ணும் கொறையில்லீங்க" என்றாள். நான் மூச்சு விட்டேன். ஆனால் அவள் முடிக்கவில்லை.

"ராசம்மா அக்காதான் எங்க நாலு புள்ளைங்களையும் கையில வாங்குனவங்க. அன்னைக்கு அப்பறம் எங்க வீட்டுக்காரரு சாகுற வரைக்கும் அவங்களோட ஒரு வார்த்தை பேசலீங்க. எதிர்ல வந்தா காறித் துப்புவாரு. லயத்துல எல்லாரும் ஸ்டோர் மருத்துவிச்சின்னு பேரு வச்சுட்டாங்க. புள்ளைப்பேத்துக்குக்கூட அவங்களக் கூப்புடுறத விட்டுட்டாங்க."

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். நான் கேட்டுப் பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறேன்.

"அவங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. கீழ் லயத்துல மகளோட இருக்காங்க. காது நல்லாக் கேக்கும்." பொன்னுத்தாயி கத்தியைக் கீழே வைத்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "எங்கிட்ட சொன்னது போதுங்க மிஸ். வாங்க, அங்க வந்து சொல்லுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு அவள் எனக்கு முன்னால் படியிறங்கத் தொடங்கினாள்.